19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மூதாதை ஒருவரின் குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி?

கேள்வியில் விவரம் அதிகம் இல்லை. நீங்களும் என்னைப் போல ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் மணம் முடித்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இதைத் தமிழில் கேட்கும் தேவை எப்படி வரும்? நான் வரலாற்று ஆய்வாளர் அல்ல. என் கணவரின் தாத்தாவுக்குத் தாத்தாவைத் தேடி மூன்று குளிர்காலங்களைச் செலவழித்தவள், அவ்வளவுதான்.

அவர் ஜெர்மனியிலிருந்து வந்து ஒஹையோவில் குடியேறியவர். அன்று ஷ்மிட், இன்று குடும்பத்துக்கு ஸ்மித் என்று பெயர். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவில் அதிகாரி மாற்றி எழுதிவிட்டார் என்பது என் மாமியார் சொல்லும் கதை. எல்லிஸ் தீவு திறக்கப்பட்டதே 1892-இல்தான். இவரோ 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஒஹையோவில் இருக்கிறார். அந்தத் தீவின் அதிகாரிகளும், கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்களே தவிர, யாருக்கும் புதுப் பெயர் சூட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் பெயரை மாற்றியது வீடுவீடாக வந்த கணக்கெடுப்பாளரின் காதுதான்: 1860-இல் ஸ்மித், 1870-இல் ஷ்மிட், 1880-இல் மறுபடியும் ஸ்மித். ஒலிப்பை வைத்துப் பெயர்களைத் தொகுக்கும் சவுண்டெக்ஸ் முறையில் இரண்டுக்கும் எஸ்-530 என்ற ஒரே குறியீடு. ஆகவே எழுத்துக்கூட்டலைப் பிடித்துத் தொங்காமல், ஊரையும் அண்டை வீட்டாரையும் பிடித்துக்கொண்டு போங்கள்.

1850-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். உங்கள் மூதாதை அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர் என்றால் 1850, 1860 பட்டியல்களில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவைதான் கிடைக்கும். அவரைப் பெயரோடு பார்க்க 1870 வரை வர வேண்டும்.

இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கும் குடும்ப மரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் ஒரே பெயரில் இருவர் இருந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் இருவரையும் ஒருவராக்கி, எங்களவருக்கு இரண்டாம் மனைவியையும் ஏழு பிள்ளைகளையும் கொடுத்து, 1891-இல் சாகவும் வைத்துவிட்டார். அதன் பிறகு வந்த அத்தனை பேரும் ஈயடிச்சான் காப்பி. சான்றோடு எழுதிக் கேட்டதற்கு, எல்லா மரங்களிலும் அப்படித்தானே இருக்கிறது என்று பதில் வந்தது! எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. பொறுமையாக உதவியவர்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பதிலை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

உண்மையைச் சொன்னது அவருடைய மனைவி விதவை ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்த கோப்பு. உள்நாட்டுப் போரில் வடக்கர் படையில் இருந்த எங்களவர் 1864-இல் ராணுவ மருத்துவமனையில் வயிற்றுப்போக்கால் இறந்திருக்கிறார். 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம். அதைப் பெற, திருமணத்தையும் பிள்ளைகளின் வயதையும் அவர் மெய்ப்பிக்க வேண்டும். ஒஹையோவில் பிறப்புகளைக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவேடுகளில் எழுதத் தொடங்கியதோ 1867-இல்தான். காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லாத அந்தப் பெண், வீட்டு பைபிளில் குடும்ப விவரம் எழுதியிருந்த தாளையே கிழித்து அனுப்பிவிட்டார். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த படியில் ஓரத்துத் தையல் துளைகள்கூட வரிசையாகத் தெரிகின்றன. பழைய ஜெர்மன் எழுத்தில் மூன்று பிள்ளைகளின் பெயர்கள். இரண்டாவது பெயருக்கு எதிரே ஒரு சிறு சிலுவைக் குறி. ஓய்வூதியப் பெயரட்டவணையை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கோப்பைக் கேட்கும்போது, தேர்ந்தெடுத்த பக்கங்களை மட்டும் வாங்காமல் முழுக் கோப்பையும் கேளுங்கள். எங்களுக்கு அந்தத் தாள் கிடைத்தது கடைசிப் பக்கங்களில்தான்.

இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை: மூத்த மகள் என்ன ஆனாள்? அவள் 1880-இல், 21 வயதில், தாயோடு இருக்கிறாள். 1900 கணக்கெடுப்பில், பெற்ற பிள்ளைகள் எத்தனை என்ற கட்டத்தில் தாய் 3 என்றும், உயிரோடிருப்பவர்கள் என்ற கட்டத்தில் 1 என்றும் சொல்லியிருக்கிறார். இடைப்பட்ட 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி, 1921 ஜனவரியில் வாஷிங்டன் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயோடு போயிற்று. அவளுக்குத் திருமணம் ஆனதா என்பதற்காக இப்போது கவுண்டித் திருமணப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 1886 வரை வந்திருக்கிறேன்.