படம் பார்த்துவிட்டால் மோல்னாரைத் தெரிந்துவிடுமா?

கேள்வி: ஹங்கேரிய நாடகாசிரியர் ஃபெரென்ஸ் மோல்னாரின் கதைகள் பலமுறை ஹாலிவுட்டில் படமாகியிருக்கின்றன. படமாக வந்ததால்தானே அவர் பெயர் வெளியுலகத்துக்குத் தெரிந்தது? 'கேரசல்', 'தி ஸ்வான்', 'ஒன், டூ, த்ரீ' மூன்றும் பார்த்துவிட்டேன். இனி அவரைத் தேடிப் படிக்க என்ன இருக்கிறது?

பதில்: முதலில் எது முன், எது பின் என்பதைச் சரிசெய்துவிடலாம். மோல்னாரின் பெயர் நாடக மேடையில் பரவிய பிறகுதான் படக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1878இல் புடாபெஸ்டில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டுப் பத்திரிகை வேலைக்குப் போனவர். 1907இல் அவர் எழுதிய 'சாத்தான்' நாடகம் அடுத்த வருஷமே நியூயார்க்கில் இரண்டு அரங்குகளில், இரண்டு போட்டிக் குழுக்களால், ஒரே சமயத்தில் நடிக்கப்பட்டது. அப்போது ஹாலிவுட்டில் ஒரு ஸ்டுடியோகூடக் கிடையாது. 'லிலியோம்' 1909இல் சொந்த ஊரில் தோற்றது. அப்புறம் வியன்னாவில் நன்றாகப் போனது, 1921இல் நியூயார்க்கில் பெரிய வெற்றி பெற்றது. அதைப் பேசும் படமாக எடுத்தது 1930இல்தான்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. நீங்கள் பார்த்த 'கேரசல்' அந்த 'லிலியோம்' கதைதான். மோல்னார் எழுதியதைச் சொல்கிறேன், படத்தோடு வைத்துப் பாருங்கள்.

லிலியோம் புடாபெஸ்ட் பூங்காவில் குடை ராட்டினத்துக்கு ஆள் கூப்பிடுகிறவன். முரடன். ஜூலி வீட்டுவேலை செய்யும் பெண். இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். அவனுக்கு வேலை போகிறது, வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், அவளை அடிக்கிறான். அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும் பணத்துக்காக ஒரு வழிப்பறிக்குப் போகிறான். அது தவறிப்போகிறது. பிடிபடும்போது கத்தியால் தன்னையே குத்திக்கொள்கிறான். செத்துப்போன பிறகு அவனைக் கொண்டுபோகும் இடம் சொர்க்கம் மாதிரியே இல்லை, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது. ஏழைக்கு மேலுலகத்திலும் அதே விசாரணை, அதே அதிகாரி! பதினாறு வருஷம் தண்டனை முடிந்து, மகளுக்கு ஏதாவது நல்லது செய்ய ஒரே ஒரு நாள் பூமிக்கு வருகிறான். வரும் வழியில் அவளுக்காக ஒரு நட்சத்திரத்தைத் திருடிக்கொண்டு வருகிறான். முன்பின் தெரியாத ஆளிடம் எதையும் வாங்க மாட்டேன் என்கிறாள் அவள். கோபத்தில் அவளையும் அடித்துவிடுகிறான். கிடைத்த ஒரு நாளும் போயிற்று. காவலர்கள் அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். 'அடித்தும் வலிக்காமல் இருக்குமா அம்மா?' என்று மகள் கேட்க, இருக்கும் என்கிறாள் ஜூலி. நாடகம் முடிகிறது.

இந்த முடிவு எனக்குப் பெரிய விஷயம். ஜூலியின் பதிலை மோல்னார் ஆமோதிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. அன்பை வாயால் சொல்லத் தெரியாத ஒருவன் செத்தும் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும், அவனிடம் அடிபட்டவள் அந்த அடிக்குள் எதைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பதையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். பார்க்கிறவருக்கு எந்தச் சமாதானமும் கிடைப்பதில்லை.

1945இல் அமெரிக்க இசை நாடக இணையர் ராஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் இதைக் 'கேரசல்' என்ற இசை நாடகமாக்கினார்கள். கதை அமெரிக்காவின் மெயின் கடற்கரைக்கு இடம் மாறியது. அந்த அடியும் மகளின் கேள்வியும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதற்குப் பின்னால் மகளின் பள்ளிப் பட்டமளிப்பு விழாவைச் சேர்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் நின்று அப்பன் அவளுக்குத் தைரியம் சொல்கிறான், அவள் நிமிர்கிறாள், எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். பின்னாளில் லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் தங்களுடையதாக்கிக்கொண்ட பாட்டு அது. இசை அற்புதம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மோல்னாரிடம் தோற்றுப்போனவன் இங்கே ஜெயித்துவிடுகிறான், அவன் அடித்ததும் அந்த வெற்றியில் கரைந்துவிடுகிறது. 1956இல் வந்த படம் இன்னும் ஒரு படி போய், அவன் சாவையே தவறிக் கத்திமேல் விழுந்த விபத்தாக்கிவிட்டது. இவ்வளவும் மாறிய பிறகு, அதைப் பார்த்தவர் மோல்னாரைத் தெரிந்துகொண்டார் என்று நான் எப்படி ஒப்புக்கொள்வது?

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஒன், டூ, த்ரீ' மூலத்தில் ஓரங்க நாடகம். ஒரு டாக்சி டிரைவரை ஒரே மணி நேரத்தில் பெரிய இடத்து மாப்பிள்ளையாக மாற்றும் வங்கி அதிபரின் கதை. படத்தின் இயக்குநர் பில்லி வைல்டர் அதைப் பெர்லினுக்குக் கொண்டுபோய், அதிபரைக் கொக்கோ கோலா அதிகாரியாக்கினார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1961 ஆகஸ்டில்தான் பெர்லின் சுவர் எழும்பியது. அருமையான படம், வைல்டரின் படம். 'தி ஸ்வான்' மூலத்துக்கு ஓரளவு நெருக்கம், ஆனால் அதில் நடித்த கிரேஸ் கெல்லி மொனாக்கோ இளவரசியான அதே மாதம் வெளியானதால் எல்லாரும் அவரைப் பார்க்கத்தான் போனார்கள்.

படமாக்கினாலே கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஃபிரிட்ஸ் லாங் 1934இல் பிரான்சில் எடுத்த 'லிலியோம்' பாருங்கள். அங்கே லிலியோம் ஜூலியை அடித்த காட்சியை மேலுலக அதிகாரிகள் அவனுக்கே திரைப்படமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். அப்போது அவன் மனசுக்குள் நினைத்தது காதில் கேட்கிறது. நாடகத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் செய்யும் வேலை அது.

படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, 'பால் தெருப் பையன்கள்' நாவல் இருக்கிறது. 1907இல் புத்தகமாக வந்தது. சிறுவர் நாவல் என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். மரவாடியை ஒட்டிய ஒரு பொட்டல், அதைக் காப்பாற்ற ஒரு பையன் கூட்டம், பிடுங்க இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தில் எல்லாரும் அதிகாரிகள். தையற்காரர் மகன் நெமெச்செக் ஒருவன் மட்டும் சிப்பாய். ஜன்னல் லப்பத்தைச் சுரண்டிச் சேர்க்கும் சங்கம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் புத்தகத்தில் அவன் பெயரைத் தண்டனையாகச் சின்ன எழுத்தில் எழுதிவைக்கிறார்கள். அவன்தான் திரும்பத் திரும்பத் தண்ணீரில் நனைந்து, காய்ச்சலோடு எழுந்து வந்து சண்டையை ஜெயித்துக் கொடுக்கிறான். பிறகு நிமோனியாவில் சாகிறான். பிள்ளை சாகக் கிடக்கும்போதும் அப்பா வாடிக்கையாளருக்குக் கோட்டு போட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் காசு இல்லை. பையன்கள் உயிரைக் கொடுத்துக் காத்த பொட்டலில் மாடிக் கட்டடம் வரப்போகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது. இந்தக் கடைசி அத்தியாயங்களைப் படித்தவர் யாரும் மோல்னாரை ஹாலிவுட்டின் கதை சப்ளையர் என்று சொல்ல மாட்டார்.

இதையும் படமாக்கியிருக்கிறார்கள். ஃபிராங்க் போர்சேகி 1934இல் எடுத்தார். ஹங்கேரிய இயக்குநர் சோல்டான் ஃபாப்ரி எடுத்த 1968 படம் ஆஸ்காரின் சிறந்த வெளிநாட்டுப் படப் பிரிவில் போட்டியிட்டது. இரண்டையும் பார்க்கலாம். நாவலை முடித்துவிட்டுப் பாருங்கள், முதலில் ஃபாப்ரி எடுத்ததை.