பாடகரே இல்லாமல் ஒரு கவிதை

கேள்வி: நம் கச்சேரியில் வயலினில் கீர்த்தனை வாசித்தாலும் சாகித்யம் தெரிந்தவர்களுக்கு வரிகள் மனதுக்குள் ஓடும். மேற்கத்திய இசையில் ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, பாட ஆளே இல்லாமல் சில வாத்தியங்களுக்கு மட்டும் எழுதுகிறார்களே, அதில் கவிதை எங்கே இருக்கிறது?
- வாசகர், திருச்சி

பதில்: வரியில் தேடினால் கிடைக்காது, திருப்பத்தில் தேடுங்கள். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1899ல் எழுதிய ‘ஃபெர்க்லேர்ட்டே நாக்ட்’டையே (‘உருமாறிய இரவு’) எடுத்துக்கொள்வோம். ரிஹார்ட் டேமல் என்ற ஜெர்மானியரின் கவிதை அது. குளிர், நிலா, இலை உதிர்ந்த தோப்பு, அதில் ஒருவனும் ஒருத்தியும் நடக்கிறார்கள். என் வயிற்றில் இருப்பது உன் குழந்தை இல்லை என்கிறாள் அவள், இருக்கட்டும், எனக்கே பெற்றுக்கொடு என்கிறான் அவன். அவ்வளவுதான் கதை.

நடை, அவள் பேச்சு, மறுபடி நடை, அவன் பேச்சு, கடைசியில் நடை என்று கவிதையில் ஐந்து பகுதி. ஷோன்பெர்க் அந்த எலும்புக்கூட்டை அப்படியே எடுத்து, இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா இரண்டு, அதைவிடப் பெரிய செல்லோ இரண்டு, இவற்றுக்கு நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓடும்படி எழுதினார். தொடக்கத்தில் அடியில் டி ஸ்வரம் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, மேலே ஒரு சிறு வரிசை படிப்படியாக இறங்கும். கனத்த மனதோடு நடக்கிறவர்களின் காலடி என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். அவள் பேசும்போது வாத்தியங்கள் ஒன்றையொன்று முட்டி மோதுகின்றன. அப்புறம் அவன் வாய் திறக்கும் இடம்தான் எனக்கு உயிர்: அதுவரை டி மைனரில் தவித்தது சட்டென்று டி மேஜராகிறது. ஆதார ஷட்ஜம் அதேதான், சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிவிட்டது என்று வையுங்களேன் (தைவதமும் மாறும், விடுங்கள்). மன்னிப்பு என்கிற சொல் எங்கும் இல்லை, ஆனால் காதில் விழுகிறது.

வியன்னாவின் இசைச் சங்கம் ஒன்று இதை மேடையேற்ற மறுத்துவிட்டது. காரணம், இலக்கணப் புத்தகத்தில் இல்லாத ஒரே ஒரு கார்டு, அதாவது பல ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு! 1902ல்தான் அரங்கேறியது. பத்து வருடம் கழித்து இதைக் கேட்ட டேமல், தன் வரிகளை இசையில் பின்தொடர நினைத்தேன், கொஞ்ச நேரத்தில் மறந்தே போனேன் என்று ஷோன்பெர்க்குக்குக் கடிதம் போட்டார். கவிஞருக்கே அந்தக் கதி என்றால், கவிதை தெரியாமல் கேட்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

கேட்பதானால் ஆறு பேர் வாசிப்பதைக் கேளுங்கள். 1917ல் அவரே பெரிய தந்தி வாத்தியக் குழுவுக்கும் மாற்றி எழுதினார், அதில் அழகு கூடுதல்தான், ஆனால் இரண்டு பேர் பேசிக்கொள்வது போன்ற நெருக்கம் போய்விடுகிறது.