பூங்காவுக்கு வர மறுக்கும் பிள்ளைகள்

வணக்கம். 14 வயது மகனும் 11 வயது மகளும் இப்போதெல்லாம் ஞாயிறு மாலை பூங்காவுக்கு வர மறுக்கிறார்கள், சேர்ந்து வெளியே போகும் வழக்கமே நின்றுவிடுமோ என்று கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குச் சலித்துப்போனது பூங்காதான் என்று நினைக்கிறேன், நீங்கள் இல்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது இரவு வானம். வருடாவருடம் டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி ஜெமினிட் என்ற எரிகல் மழை, அதாவது வானில் எரிகற்கள் ஒளிக்கோடுகளாகப் பாயும் காட்சி, உச்சத்துக்கு வரும். தேதி பெரிதாக மாறாது, அதனால் வழக்கமாக்கிக்கொள்வது சுலபம். விளக்கு வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து, விரிப்பைப் போட்டு மல்லாந்து படுத்துவிடுங்கள். தொலைநோக்கி தேவையில்லை. கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடமாவது ஆகும், அதுவரை யாரும் செல்போனைத் தொடக்கூடாது. அந்த அரை மணி நேரத்தில்தான் என் மகன் தானாகப் பேச ஆரம்பித்தான். முகம் தெரியாத இருட்டில், வானத்தைப் பார்த்தபடியே, பள்ளியில் மனதுக்குக் கஷ்டமாக இருந்ததையெல்லாம் சொன்னான். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம், இடம் தேடும் பொறுப்பை மகனிடம் கொடுங்கள், எத்தனை எரிகற்கள் தெரிந்தன என்று குறிப்பது மகளிடம் இருக்கட்டும். நண்பனைக் கூட்டி வரலாமா என்று கேட்டால் சரி என்று சொல்லிவிடுங்கள். நிலா வெளிச்சம் அதிகமுள்ள வருடங்களில் எரிகற்கள் குறைவாகத்தான் தெரியும், அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.