முதுகைத் திருப்புங்கள், பைசிக்கிள் கிக் வரும்

கேள்வி: ஈஏ எஃப்சி 24 கால்பந்து வீடியோ கேம் ஆடுகிறேன். பிஎஸ்5 கன்ட்ரோலரில் எல்2 பட்டனைப் பிடித்துக்கொண்டு வட்டம் பட்டனைத் தட்டினால் பைசிக்கிள் கிக் (கோலுக்கு முதுகு காட்டி, அந்தரத்தில் சாய்ந்து, தலைக்கு மேலாகப் பந்தை உதைப்பது) வரும் என்கிறார்கள். என் ரொனால்டோ மட்டும் தலையால் முட்டுகிறார். ஏன்?

பதில்: பட்டன் சரிதான். ஆனால் அது ‘பைசிக்கிள் கிக் அடி’ என்ற கட்டளை இல்லை, ‘கொஞ்சம் ஸ்டைலாக அடி’ என்பதுதான். என்ன உதை என்பதை, பந்து வரும் உயரத்தையும் ஆட்டக்காரர் நிற்கும் திசையையும் பார்த்து கேமே முடிவு செய்யும். கோலைப் பார்த்தபடி ஓடிவருபவருக்குத் தலைதான் கிடைக்கும்.

2018 ஏப்ரலில் டூரினில் யுவென்டஸ் அணிக்கு எதிராக ரொனால்டோ போட்ட கோலை இன்னொரு முறை பாருங்கள். வலப்பக்கத்திலிருந்து சக வீரர் கார்வஹால் கோல்முன் பந்தைத் தூக்கிக் கிராஸ் போடுகிறார். ரொனால்டோவின் முதுகு கோலுக்கு. கோல்கீப்பர் புஃபோன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த நிலையைத்தான் நீங்கள் உண்டாக்க வேண்டும்.

விங்கிலிருந்து, அதாவது மைதானத்தின் ஓரத்திலிருந்து, கிராஸ் போட்டதும், பந்து காற்றில் இருக்கும்போதே இடது ஸ்டிக்கால் ஸ்ட்ரைக்கரைக் கோலை விட்டு ஓரடி வெளியே இழுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்; கோல் தெரிந்தால் கட்டைவிரல் தன்னால் அந்தப் பக்கம் போய்விடும்! அவர் முதுகு திரும்பிய பிறகு, பந்து வந்து சேரும் முன்பே எல்2-வும் வட்டமும். பவர் பாதி போதும். உடனே ஸ்டிக்கைக் கம்பத்தின் பக்கம் தள்ளுங்கள்.

டைம்டு ஃபினிஷிங் (உதைக்கும் நொடியில் வட்டத்தை இரண்டாம் முறை தட்டும் வசதி) ஆனில் இருந்தால் பழகும்வரை ஆஃப் செய்துவிடுங்கள். பதற்றத்தில் வட்டத்தை இரண்டாம் முறை தப்பான நேரத்தில் தட்டினால் பந்து கேலரிக்குத்தான். அப்புறம், ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: ‘அக்ரோபேட்டிக்’ ப்ளேஸ்டைல் (கேம் தரும் சிறப்புத் திறன்) இருப்பவர், வாலி (பந்து தரையில் படுமுன் உதைக்கும் திறன்) எண் அதிகமுள்ளவர். தடுப்பாட்டக்காரரான சென்டர் பேக்கை வைத்து முயன்றுவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.

கேள்வி: ஆன்லைன் மேட்சில் இதை நம்பி அடிக்கலாமா?

பதில்: கூடாது. நன்றாகப் பழகியவர்களுக்கே பெரும்பாலும் வெளியே போகிற ஷாட் இது. மூன்று கோல் முன்னிலையில் இருக்கிறீர்களா, தாராளமாக அடியுங்கள். உள்ளே போனால் ரீப்ளேயை ஸ்கிப் செய்யாதீர்கள், எதிராளி பார்க்கட்டும். 1-1, 88-ஆவது நிமிடம் என்றால் ரொனால்டோ தலையாலேயே முட்டட்டும்.