9 மாடு கறக்க எந்த மெஷின்?

கேள்வி: "கலப்பின ஜெர்சி மாடுகள் 10, எருமை 2 வைத்திருக்கிறேன். இப்போது கறவையில் இருப்பவை எருமை உட்பட 9. கறந்து கொடுத்தவர் நின்றுவிட்டார். ஒற்றை பக்கெட் டிராலி மெஷினை 2 எச்.பி. மோட்டாரோடு தருவதாகச் சொல்கிறார்கள். 'பவர் அதிகம், சீக்கிரம் கறக்கும்' என்கிறார்கள். வாங்கலாமா? எருமைக்கும் அதுவே ஆகுமா?" (நாமக்கல் மாவட்ட வாசகர் ஒருவர்)

மோட்டார் எத்தனை எச்.பி. என்பதைப் பார்த்து மெஷினை எடுக்காதீர்கள். மோட்டார், காற்றை உறிஞ்சி வேக்குவத்தை (வெற்றிட இழுப்பை) உண்டாக்கும் பம்பைச் சுற்றும், அதோடு அதன் வேலை முடிந்தது. பால் வரும் வேகம் காம்புத் துளையின் அளவையும் மாடு சுரப்பு விடுவதையும் பொறுத்தது. பெரிய மோட்டார் போட்டால் அது அதிகமாகிவிடாது.

முதலில் நேரக் கணக்கு. ஒரு மாட்டின் மடியில் மெஷின் இருப்பது 5, 6 நிமிடம். மடி துடைத்து, கழற்றி அடுத்த மாட்டுக்கு மாட்டுவதையும் சேர்த்தால் 8 நிமிடம். நாலு காம்புக் கிண்ணமும் கூடுகிற அமைப்பைக் கிளஸ்டர் என்பார்கள். ஒரே கிளஸ்டர் என்றால் 9 உருப்படிக்கு 70 நிமிடம் தாண்டிவிடும். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவருக்கு இது கட்டாது. இரண்டு கிளஸ்டர் இருந்தால் 40 நிமிடத்தில் முடியும். ஒரு ஆள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளக் கூடியதும் இரண்டுதான். மூன்றாவதை மாட்டினால், பால் நின்ற மடியில் மெஷின் சும்மா இழுத்துக்கொண்டிருக்கும். காம்பு நுனி தடித்து வெடிக்கும், மடிநோய்க்கு அதுவே வாசல். ஆகவே இரட்டை பக்கெட்டாக எடுங்கள்.

மோட்டாரும் பம்பும் பக்கெட்டும் ஒரே தள்ளுவண்டியில் இருக்கும் டிராலியும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரண்டு மூன்று மாடு இருக்கிற வீட்டுக்கு அது சரி. உங்கள் கொட்டகையில் ஈரத் தரையில் வயரை இழுத்துக்கொண்டு, மோட்டார் சத்தத்தையும் எண்ணெய்ப் புகையையும் மாட்டின் காலடிக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். பம்பைக் கொட்டகைக்கு வெளியே ஒரு மறைப்பில் வைத்து, மாடுகளின் தலைக்கு மேலே பிவிசி குழாய் ஓட்டி, இரண்டு மாட்டுக்கு ஒரு குழாய்வாய் வைத்துவிட்டால் பக்கெட்டை மட்டும் நகர்த்தினால் போதும். குழாயில் லேசான சரிவும், சரிவின் கடைசியில் தண்ணீர் வடிய ஒரு அடைப்பானும் இருக்கட்டும்.

பம்பு வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்று: 50 கிலோபாஸ்கல் (இழுப்பை அளக்கும் அலகு) வேக்குவத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கும்? இரண்டு கிளஸ்டருக்கு 250 லிட்டருக்குக் குறையக் கூடாது. சிலர் வேக்குவமே இல்லாமல் சும்மா ஓடும்போது இழுக்கும் அளவைச் சொல்வார்கள். 50 கிலோபாஸ்கலில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். இந்த அளவுக்கு 1 முதல் 1.5 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தாராளம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு மாடு காத்திருக்காது.

சோதனை ஓட்டம் கேளுங்கள். வேக்குவம் மீட்டர் முள் 42 முதல் 48 கிலோபாஸ்கலுக்குள் ஆடாமல் நிற்க வேண்டும். கிளஸ்டர் இரண்டும் ஓடும்போது ஒரு கிண்ணத்தின் வாயைத் திறந்து 5 விநாடி காற்றை விடுங்கள். முள் லேசாக இறங்கி, மூடியதும் சட்டென்று பழைய இடத்துக்கு வந்தால் பம்பில் கையிருப்பு இருக்கிறது. தொபுக்கென்று விழுந்து மெல்ல ஏறினால் வேண்டாம். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒரு கிண்ணம் காம்பிலிருந்து நழுவி 'சர்ர்' என்று காற்று புகும்போது, உள்ளே இருக்கும் பால் துளிகள் மற்ற காம்புகளின் நுனியை நோக்கி எதிர்த்து அடிக்கும். ஒரு காம்பில் கிருமி இருந்தால் அதோடு போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்தது பல்சேட்டர். கிண்ணத்துக்குள் இருக்கும் ரப்பர் குழாயை, அதாவது லைனரை, விரித்துச் சுருக்குவது இதுதான். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்த பழைய மெஷின்கள் காம்பில் ரத்தம் கட்ட வைத்தன. 1895 வாக்கில் கிளாஸ்கோவில் அலெக்சாண்டர் ஷீல்ட்ஸ் விட்டுவிட்டு இழுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகே மெஷின் மாட்டுக்கு ஒத்துப்போனது. நிமிடத்துக்கு 60 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் இழுப்பு 60 சதவீதம், பிடிப்பு 40 சதவீதம் என்ற விகிதம் நல்லது. கட்டைவிரலை லைனருக்குள் விட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் விரலைத் தெளிவாகப் பிடித்து விட வேண்டும். நாலு கிண்ணத்தில் ஒன்று மட்டும் சோம்பலாக இருந்தால் அந்தக் கிண்ணத்துக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் குறுங்குழாயில் வெடிப்பு இருக்கும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. நாலு குழாயும் சேரும் கிளா என்ற சிறு கிண்ணத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும். பாலைப் பக்கெட்டுக்குத் தள்ளுவது அதன் வழியே வரும் காற்றுதான். பாலாடை அடைத்துவிட்டால் கிளாவில் பால் தேங்கும், கிளஸ்டர் கனக்கும், வேக்குவத்தை மூடிய பிறகும் மடியை விடாது. உடனே சேப்டி பின்னை எடுத்துக் குத்துவார்கள். துளை பெரிதாகி வேக்குவம் தள்ளாடத் தொடங்கும். மெஷினோடு தரும் கம்பியை மட்டும் பயன்படுத்துங்கள்.

எருமைக்கும் இதே மெஷின் ஆகும். பொறுமைதான் வேறு. பசுவின் மடியில் ஐந்தில் ஒரு பங்கு பால் கீழே தயாராகத் தங்கியிருக்கும். எருமையிடம் அது இருபதில் ஒரு பங்குகூட இருப்பது அரிது. பசுவுக்கு மடியைத் துடைத்து ஒவ்வொரு காம்பிலும் இரண்டு மூன்று பீச்சு கறந்து பார்த்து, ஒன்றரை நிமிடத்துக்குள் மாட்டலாம். எருமை சுரப்பு விட இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும்; காம்பு விறைத்து நிரம்பியதும் மாட்டுங்கள். அதற்கு முன் மாட்டினால் வெறும் காம்பை இழுக்கும், மறுநாள் கிட்டவே விடாது. கன்று ஊட்டினால்தான் சுரக்கும் மாட்டுக்குக் கன்றை விட்டுப் பிடித்த பிறகே மாட்டுங்கள். வாங்கிய முதல் வாரம், கையால் கறக்கும்போது மோட்டாரை மட்டும் ஓடவிட்டுச் சத்தத்துக்குப் பழக்குங்கள்.

கழற்றும்போது முதலில் வேக்குவத்தை மூடி, இழுப்பு விட்டதும் நாலையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஓடும்போதே பிடுங்கக் கூடாது. அரைக்கால் லிட்டர் மடியில் நின்றால் பாதகமில்லை. கொழுப்பு அதிகம் இருப்பது கடைசிப் பாலில்தான் என்பதால், ஒரு லிட்டர் நின்றுபோனால் சொசைட்டி மீட்டரிலேயே தெரிந்துவிடும்.

கழுவுவதில் எல்லோரும் செய்யும் தப்பு, எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றுவது. பாலின் புரதம் வெந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான நீர், 40 டிகிரிக்குள். பிறகு 60, 70 டிகிரி நீரில் காரச் சோப்புக் கரைசல், அது 40 டிகிரிக்குக் கீழே ஆறும் முன் வெளியேற்றிவிட்டு நல்ல தண்ணீர். வாரம் ஒருமுறை அமிலக் கரைசல். உப்புத் தண்ணீர் ஊர்களில் இரண்டு முறை.

சாதாரண ரப்பர் லைனருக்கு ஆயுள் 2,500 கறவை. 9 உருப்படி, இரண்டு வேளை, இரண்டு கிளஸ்டர் என்றால் ஒன்றுக்கு நாளைக்கு 9 கறவை; கணக்குப்படி ஒன்பது மாதம் வரும். ஆனால் பால் கொழுப்பிலும் சோப்பிலும் ரப்பர் ஊறிப் போவதால் ஆறாம் மாதமே மாற்றிவிடுங்கள். அந்த லைனர் உங்கள் பக்கத்து ஊரில் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வாங்கும்போதே இரண்டு செட் உபரியாகக் கேட்டு வாங்குங்கள்.

மின் இணைப்பில் எர்த் சரியாக இருக்கட்டும். 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பான் கட்டாயம். உங்கள் கைக்குத் தெரியாத சிறு கசிவையும் ஈரத் தரையில் நிற்கும் மாடு உணரும், பாலை அடக்கும். அப்போது மெஷின் மேல்தான் பழி விழும். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் எடுப்பதானால், மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால், 1 எச்.பி.க்கு 3 கேவிஏ வைத்துக்கொள்ளுங்கள்.