படியைப் பார்த்தால் தயக்கம், பஸ்ஸில் ஏறினால் தடுமாற்றம்

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. கால் எலும்பு முறிந்து 2 மாதம் படுக்கையில் இருந்தார். இப்போது நடக்கிறார். ஆனால் சின்ன வாசற்படியைப் பார்த்தே தயங்குகிறார். பஸ் படியில் மட்டும் அவசரமாகக் காலை வைத்து இடறுகிறார். பைஃபோகல் கண்ணாடி போடுகிறார். இது மனப்பயமா?

பதில்: பயமும் கொஞ்சம் இருக்கும். ஆனால் அதன் மேலேயே எல்லாப் பழியையும் போடாதீர்கள்.

படியைப் பார்க்கும்போது நாம் அதை அடிக்கணக்கில் அளப்பதில்லை, நம் காலோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறோம். வில்லியம் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல் நெட்டையான இளைஞர்களையும் குட்டையான இளைஞர்களையும் சோதித்தார். கால் நீளத்தில் சுமார் 0.88 பங்கு உயரம் வரைதான் கை ஊன்றாமல் ஏற முடியும் என்று இரு தரப்பும் பார்வையாலேயே சொன்னார்கள். வயதானவர்களுக்குக் கால் நீளம் மட்டும் போதாது; தொடை வலுவும் இடுப்பு மடங்குவதும் சேர்ந்துதான் அந்த எல்லையைத் தீர்மானிக்கும். அம்மாவுக்கு இரண்டும் குறைந்திருக்கும். கண்ணோ இன்னும் பழைய கணக்கையே போடுகிறது.

கணக்கு எப்படித் திருந்தும்? லெனார்டு மார்க் என்பவர் 1987-இல் சிலரின் பாதத்துக்கு அடியில் 10 செ.மீ. கட்டை கட்டி, எவ்வளவு உயர இருக்கையில் உட்கார முடியும் என்று கேட்டார். முதலில் தப்பாகச் சொன்னவர்கள், உட்கார்ந்து பார்க்காமலேயே போகப்போகச் சரியாகச் சொன்னார்கள். அப்புறம் செய்த சோதனையில், சுவரோடு சாய்ந்து அசையாமல் நின்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. உடம்பு லேசாக ஆடும்போது கண்முன் காட்சியும் நகர்கிறது. அந்த நகர்வில்தான் தகவல் இருக்கிறது. 2 மாதம் படுத்திருந்தவருக்கு அது எங்கே கிடைக்கும்?

அதனால் "உட்கார்ந்தே இரும்மா" என்று சொல்லாதீர்கள். கைப்பிடியோடு ஒரே ஒரு படியில் தினமும் பழகட்டும். காலை எடுத்து வைக்கும் முன் நின்று, எடையை இரண்டு காலுக்கும் மாற்றிப் பார்க்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

கண்ணாடியையும் கவனியுங்கள். பைஃபோகலின் கீழ்ப்பாதி படிக்கிற தூரத்துக்கானது. குனிந்து பார்த்தால் படி மங்கும். வெளியே போகத் தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி வாங்கலாம், கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

தலைசுற்றல், கால் மரத்துப்போவது, இரட்டையாகத் தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் நேரில் காட்டிவிடுங்கள்.