அந்தப் பக்கத்தில் நீங்கள் எங்கே?

கேள்வி: எனக்கு வயது 46. ஒன்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுத எழுதத் தைரியம் வரும் என்றார்கள். வரவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போன மாதம் அண்ணனும் அண்ணியும் வந்து, அம்மா இனி என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணிதான் பேசினார். அண்ணன் தலையாட்டினார். நான் "உங்க இஷ்டம்" என்றேன். அன்று இரவெல்லாம் தூக்கமில்லை. எப்படி எழுதினால் தன்னம்பிக்கை வரும்? எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேரலாமா? மாதிரிக்கு அன்றைய பக்கத்தை நகலெடுத்து இணைத்திருக்கிறேன். நோட்டு எப்போதும் மேசை மேல்தான் கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: வகுப்பு வேண்டாம். எழுத்துப்பிழையைப் பற்றியும் கவலை வேண்டாம். உங்கள் ளகர லகரக் குழப்பத்தால் உலகம் நின்றுவிடாது. எனக்கு வேலை கொடுத்தது நீங்கள் போகிற போக்கில் இணைத்து அனுப்பிய அந்த ஒற்றைப் பக்கம்தான். மற்ற வாசகர்களுக்காக அதை அப்படியே தருகிறேன்:

"காலை சீக்கிரம் எழுந்தாயிற்று. வீடு சுத்தம் செய்யப்பட்டது. அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா இங்கே வருவதாக முடிவானது. மாலை நல்ல மழை. மனசு கொஞ்சம் சரியில்லை. எல்லாம் நன்மைக்கே."

எட்டு வாக்கியம். சகோதரி, இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

எழுந்தாயிற்று. யார் எழுந்தது? செய்யப்பட்டது. யார் செய்தது? முடிவானது. தானாக முடிவாக அது என்ன பழமா, கனிந்து விழுவதற்கு? மனசு சரியில்லை. யார் மனசு? இதில் என்னை நிஜமாகவே கோபப்படுத்தியது "பேசிக்கொண்டிருந்தோம்". உங்கள் கடிதத்தின்படி அண்ணி பேசினார், அண்ணன் தலையாட்டினார், நீங்கள் இரண்டே இரண்டு சொல் சொன்னீர்கள். அந்த '-ஓம்'முக்குள் உங்களை யார் சேர்த்தது? நீங்களேதான். உங்களைக் கேட்காமல் எடுத்த முடிவுக்கு, ராத்திரி உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, உங்கள் கையாலேயே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

தமிழில் 'நான்' என்று சொல்லாமலே ஒரு பக்கம் எழுதிவிடலாம். அது குற்றமில்லை, வினைமுற்றின் வாலில் அது ஒட்டிக்கொண்டிருக்கும்: எழுந்தேன், கேட்டேன், பயந்தேன். தன்மை ஒருமை விகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். உங்கள் எட்டு வாக்கியத்திலும் அந்த '-ஏன்' ஒன்றுகூட இல்லை. '-ஏன்' இல்லாமலும் நாம் நம்மைச் சொல்லிக்கொள்வோம், "எனக்குப் பிடிக்கவில்லை" என்கிறோமே, அப்படி. உங்கள் பக்கத்தில் 'எனக்கு'கூடக் கிடையாது.

சரி, இந்த அம்மாளுக்கு இப்படித்தான் எழுத வரும்போல என்று கடிதத்தை மறுபடி எடுத்தேன். நான்கு பக்கம். அச்சில் மேலே வந்திருப்பது அதன் சுருக்கம்தான். பென்சிலை எடுத்துக்கொண்டு '-ஏன்' வருகிற வினையை எல்லாம் கோடு போட்டு எண்ணினேன். 31. "என்றேன்", "அழுதேன்", "அண்ணியை அடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்". முன்பின் தெரியாத எனக்கு 31 தடவை. ஒன்பது வருடமாகக் கூடவே இருக்கிற நோட்டுக்கு ஒரு தடவைகூட இல்லை. தைரியமோ சொல்லோ உங்களிடம் குறைவாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த நோட்டு கிடக்கிற இடம்தான் குறை. மேசை மேல், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் அது நாட்குறிப்பாக இல்லை. நீங்களே உங்களுக்கு எழுதிக்கொண்ட நன்னடத்தைச் சான்றிதழாக இருக்கிறது. அண்ணி எடுத்துப் படித்தாலும் முகம் சுளிக்கக் கூடாது, கணவர் படித்தாலும் "என்ன இது" என்று கேட்கக் கூடாது என்று தணிக்கை செய்து எழுதி எழுதி, யாரும் இல்லாத அறையிலும் "உங்க இஷ்டம்" என்றே சொல்லப் பழகிவிட்டீர்கள். ஒன்பது வருடப் பயிற்சி என்றால் சும்மாவா? நாலு பேர் முன்னால் நாக்கு வேறு எப்படித்தான் நடந்துகொள்ளும்?

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர் வேலை. பகலெல்லாம் அடக்கமாகப் பேசியே ஆகவேண்டிய உத்தியோகம். கவர்னரின் மனைவி மீது அவருக்கிருந்த கசப்பை நேரில் காட்ட முடியுமா? நாட்குறிப்பில் காட்டினார். வெளியே பணிவு, உள்ளே உள்ளது உள்ளபடி. நீங்கள் உள்ளேயும் பணிவாக இருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது ஆய்வு சொன்னது. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் சாண்ட்ரா பீலும் 46 கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார்கள். சிலர் ஏதோ சாதாரண விஷயத்தை எழுதினார்கள். மற்றவர்கள் தங்கள் வாழ்க்கையில் மனதை உலுக்கிய சம்பவத்தை எழுதினார்கள்: சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ந்ததை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து. அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது, இரண்டையும் சேர்த்து எழுதியவர்களுக்கு. நடந்ததை மட்டும் வரிசையாக எழுதியவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. உங்கள் நோட்டு அந்த வகை: வந்தார்கள், பேசினோம், மழை. அதே ஆய்வில், மனதைத் திறந்து எழுதியவர்களுக்கு எழுதிய கையோடு மனசு இன்னும் கனத்தது. ஆகவே முதல் இரண்டு நாள் அழுகை வந்தால் வழி தவறிவிட்டோம் என்று நிறுத்திவிடாதீர்கள். தாங்கவே முடியாமல் போனால் மட்டும் பேனாவை மூடிவிட்டு வேறு விஷயத்துக்குப் போங்கள்.

இன்றைக்கு நோட்டை மேசையிலிருந்து எடுத்து உங்கள் அலமாரியில் வையுங்கள். பூட்டு இருந்தால் பூட்டுங்கள். வீட்டில் யாராவது "அப்படி என்ன ரகசியம்?" என்று கேட்டால், "என்னுடையது" என்று சொல்லுங்கள். ஒருவர் எழுதிய நோட்டை அவர் அனுமதி இல்லாமல் பிரிக்கிற குடும்பம், எத்தனை பாசமான குடும்பமானாலும், மரியாதை தெரியாத குடும்பம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பிறகு அதே நாளை மறுபடி எழுதுங்கள். தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம். ஒவ்வொரு வாக்கியத்திலும் '-ஏன்' இருக்க வேண்டும், இல்லையென்றால் 'எனக்கு', 'என்னை' ஏதாவது ஒன்று. இப்படி: "அண்ணி செருப்பைக் கழற்றும்போதே எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதைக் கவனித்தேன். எனக்குத் தொண்டை அடைத்தது." (செருப்பு என் கற்பனை. நிஜத்தில் எது கண்ணில் பட்டதோ அதை எழுதுங்கள்.) முடிந்தால் ஒரு இடத்திலாவது "மாட்டேன்" என்று எழுதிப் பாருங்கள். எதை மாட்டேன் என்று நான் சொல்ல முடியாது. ஒன்பது வருடத்தில் அந்தச் சொல் உங்கள் நோட்டில் ஏறியிருக்காது என்று மட்டும் சொல்வேன்.

மூன்றாம் நாள் அதே சம்பவத்தை அண்ணியின் பக்கத்திலிருந்து எழுதுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுங்கள். பின்னாளில், 2003-இல், பென்னிபேக்கர் குழு இத்தகைய எழுத்துகளை எடுத்து ஆராய்ந்தபோது, 'நான்' என்பதும் மற்றவரைக் குறிக்கிற சொற்களும் நாளுக்கு நாள் ஏறி இறங்கி மாறி வந்தவர்களுக்கே உடல்நலம் கூடுதலாகத் தேறியிருந்தது. அண்ணி எத்தனை வருடம் உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டார்? நான்கு பக்கத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை நீங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது, மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. ஆனால் வாயை மூடிக்கொண்டு ஏற்ற கடமை வாயை மூடிக்கொண்டே கணக்கு வைக்கும். ஒவ்வொரு மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போதும் அந்தக் கணக்கு உங்கள் கைவழியாக அம்மாவுக்குத் தெரியும். வயதானவர்களுக்குப் பாத்திரம் வைக்கிற சத்தமே போதும், மகளின் மனசை எடை போட்டுவிடுவார்கள். அந்த முடிவு பேசப்பட்ட அறையில் அம்மா இருந்தாரா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அம்மாவையும் யாரும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். நீங்களும்தான்.

உங்கள் அண்ணனுக்கும் நீங்கள் நியாயம் செய்யவில்லை. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எனக்கு நான்கு பக்கம் எழுதினால், அவர் நல்லவராக நடந்துகொள்ள எந்த இடத்தில் வாய்ப்புக் கொடுத்தீர்கள்?

நான்கு நாள் எழுதியபின் முழுவதையும் ஒருமுறை படியுங்கள். அதில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள். கடுமையானதோ அழகானதோ வேண்டாம், அண்ணனிடம் சொன்னால் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "அண்ணா, அம்மா வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் மாதத்தில் ஒரு வாரம் நீ அழைத்துப் போக வேண்டும் என்று கேட்கிறேன்" என்பது போல. அதைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தே படியுங்கள், எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியவா போகிறது? அவர் மறுத்தால், அன்று இரவு எழுத உங்களுக்கு விஷயம் இருக்கும். அதையும் '-ஏன்' போட்டே எழுதுங்கள்.

அம்மா வருவது அடுத்த மாதம் முதல் வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும். எழுத நான்கு நாள் போதும்.